நாமும் நாங்களும்: தமிழும் மராத்தியும் ஓர் ஒப்புநோக்கு

பவனா ஆறு முளா ஆற்றோடு வந்து கலக்கும் இடத்தை அடுத்துக் கிடப்பது தாபோடி. இன்று இவ்வூரின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவன இராணுவப் பொறியியற் கல்லூரியும், மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையும், புணே-லோணாவளா மின்வண்டி நிற்கும் சிறு நிலையமுமே. நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்போ நிலைமை வேறு. பேஷ்வா அரசு வீழ்ந்து பத்தாண்டு கழிந்தபின், 1828-ல், பம்பாய் ஆளுநர் சர் ஜான் மால்கம் இங்கிருந்த மாளிகை ஒன்றை வாங்கி, மழைக்காலத்தில் ஆளுநர் தங்கும் இல்லமாக்கினார். அதனைச் சுற்றித் தாவரப் பூங்கா ஒன்றும் எழுந்தது. பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த அலெக்சாண்டர் கிப்சன் காலத்தில் வரையப்பெற்ற செடிகொடி ஓவியங்கள் இன்றும் எடின்பரோவில் காக்கப்பட்டு வருகின்றன. வெளிநாட்டு மரமும் உள்நாட்டு மரமும் ஒரே மண்ணில் வேர்விட்ட இடம் இது. செடிகளை இனம் இனமாகப் பிரித்து உறவு காட்டும் ஆராய்ச்சி இங்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பம்பாயிலும் சென்னையிலும் இடையன்குடியிலும் மொழிகளை இனம் பிரிக்கும் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆராய்ச்சியின் வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கக் கூட்டங்களில் இருவேறு கூற்றுகளை அடிக்கடி கேட்கிறோம். மேடையில் பேசுவோர், 'மராத்தி தமிழின் வயிற்றில் பிறந்தது' என்று முழங்கிக் கைத்தட்டல் பெறுகிறார்கள். கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், 'நம் பிள்ளைகள் மராத்தியிலேயே பேசுகின்றனவே, ஒட்டும் உறவும் இல்லாத மொழி நம் வீட்டுக்குள் புகுந்துவிட்டதே' என்று அதே அன்பர்கள் வருந்துகிறார்கள். முன்னது உண்மையானால் பின்னதற்கு இடமில்லை. பின்னது உண்மையானால் முன்னது பொய். வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே உண்மையல்ல என்பது புலனாகும்.

இரு மொழிகள் ஒன்றுபோல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருத்தல் ஒன்று. நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்தல் மற்றொன்று. மனித மனம் எங்கும் ஒரு பெற்றியதாக இருத்தலின் தற்செயலாக ஒத்துப்போதல் மூன்றாவது. மூன்றாவதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்துவிட்டு மேலே செல்வோம். ஆல்ப்சு மலையடிவாரத்தில் வழங்கும் ஸ்லோவீன் மொழியும், ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டில் வழங்கும் ஷோனா மொழியும் உறவும் அற்றவை, அயலும் அற்றவை. ஸ்லோவீனில் ஒருமை, பன்மை என்பவற்றோடு இருமையும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. 'நாம் இருவர்' என்பதற்கு அங்கே 'மித்வா' என்னும் தனிச்சொல் உண்டு. வடமொழியில் இருந்த இருமையை நம் வடநாட்டு மொழிகள் கைவிட்டன, ஸ்லோவீனியர் கைவிடவில்லை. ஷோனாவில் இருமை கிடையாது. அங்கே பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து, சொல்லின் முன்னொட்டால் வகுப்பைக் காட்டும். 'முன்ஹு' என்றால் மனிதன். 'வன்ஹு' என்றால் மனிதர். இந்த 'மு', 'வ' முன்னொட்டு இணை பெரும்பாலும் மக்களுக்கே உரியது. இதனைக் காணும் தமிழ் மாணவனுக்கு உயர்திணை நினைவுக்கு வராமற் போகாது. ஆயினும் தொல்காப்பியர் திணை வகுத்ததற்கும் ஷோனா மக்கள் வகுப்புப் பிரித்ததற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. மக்களை மற்றவற்றினின்று பிரித்து எண்ணுதல் மனித இயல்பு என்பதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் பெறுவதற்கில்லை. ஓசை ஒற்றுமை, பொருள் ஒற்றுமை ஆகியவற்றைக் கண்ட மாத்திரத்தே உறவு கொண்டாடுவோர் இவ்வெடுத்துக்காட்டை மனத்தில் இருத்துதல் நலம்.

இனித் தமிழுக்கும் மராத்திக்கும் வருவோம்.

மொழிக்குடும்பம் என்னும் கருத்தைத் தென்மொழிகளுக்குப் பொருத்திக் காட்டியவர்களுள் முதல்வர் சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ். 1816-ல் கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்புரையில், தென்னாட்டு மொழிகள் வடமொழியிற் பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று அவர் நிறுவினார். அக்குடும்பத்தில் மராத்தியை அவர் சேர்க்கவில்லை. ஆனால் மரபு வழி வந்த கணக்கு ஒன்று இருந்தது. பிராமணரைப் பஞ்ச கௌடர், பஞ்ச திராவிடர் என்று பகுக்கும் பழைய வழக்கில், திராவிடம், ஆந்திரம், கருநாடகம் ஆகியவற்றோடு மகாராட்டிரமும் கூர்ச்சரமும் 'திராவிட'ப் பகுதியிலேயே வைத்து எண்ணப்பட்டன. மொழியை வைத்து ஏற்பட்ட பகுப்பு அன்று. விந்தியத்துக்குத் தெற்கு, வடக்கு என்ற நிலப்பகுப்பே அது. எனினும், மராத்தி எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்னும் ஐயம் அறிஞர் மனத்தில் எழ இதுவும் ஒரு காரணமாயிற்று.

அந்த ஐயத்தை உரக்கக் கேட்டவர் பம்பாயில் இருந்த ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஜான் ஸ்டீவன்சன். 1833-ல் மராத்தி இலக்கணம் ஒன்றை வெளியிட்ட இவர், வடநாட்டு மொழிகளில் வடமொழிக்கு அயலாக உள்ள பகுதி எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தார். அப்பகுதி தென்மொழிகளோடு உறவுடையது என்பது அவருடைய முடிபு. பம்பாய் ஆசியச் சங்கக் கிளையின் இதழில் இதனை வற்புறுத்திக் கட்டுரைகள் எழுதினார். மராத்திக்கு மோல்ஸ்வொர்த் தொகுத்த பெரிய அகராதி 1831-ல் வெளிவந்து, 1857-ல் விரிந்த பதிப்பாக மீண்டும் வந்தது. சொற்களைத் தொகுத்து ஒப்பிட வாய்ப்பான காலம் அது.

கால்டுவெல் ஸ்டீவன்சனை நன்கு அறிந்தவர். 1856-ல் வெளிவந்த ஒப்பிலக்கணத்திலேயே அக்கருத்தை எடுத்து ஆராய்ந்தார். ஆனால் முற்றும் ஏற்கவில்லை. வடமொழிகளில் திராவிடச் செல்வாக்கு சிறிது இருக்கலாம், ஆனால் அவற்றின் அடிப்படை திராவிடம் என்று கொள்வதற்குச் சான்று போதாது என்பது அவர் நிலை. மராத்தியையும் குசராத்தியையும் திராவிடக் குடும்பத்துக்கு வெளியே நிறுத்தினார். இதற்காக அவரைக் குறை கூறுவாரும் உளர். நாம் கூறமாட்டோம். தம் மொழிக்குடும்பத்தின் எல்லையைப் பெருக்கிக் காட்டும் ஆசை அவருக்கு இருந்திருந்தால் அதற்கு நல்ல வாய்ப்பு இதுவே. அவர் அதனைப் பயன்படுத்தாமல் விட்டார்.

மராத்தியின் வடமொழிப் பிறப்பை ஒலி ஒலியாகத் தொடர்ந்து காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ழூல் புளோக். மராத்தியின் உருவாக்கம் குறித்த அவரது நூல் 1920-ல் வெளிவந்தது. பழைய மகாராட்டிரிப் பிராகிருதம் வழியாக மராத்தியின் வினையும் பெயரும் எவ்வாறு அமைந்தன என்பதை அந்நூல் ஐயமற விளக்கியது. அவரே பின்னாளில், 1946-ல், திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றியும் நூல் எழுதினார் என்பது நோக்கத்தக்கது. புளோக்கிற்குப் பின், மராத்தி எந்தத் தாயின் பிள்ளை என்னும் வழக்கு முடிந்துவிட்டது. முடியாமல் இருந்தது வேறொரு வழக்கு: அந்தப் பிள்ளை யார் வீட்டில் வளர்ந்தது?

இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்குக் கல்லும் காசும் உதவுகின்றன.

சாதவாகனர் மகாராட்டிரத்தில் பைட்டணைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள். நம்மூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய சுன்னரும் நாணேகாட்டும் அவர்களுடைய வணிகப் பெருவழியில் இருந்தவை. அவர்கள் வெளியிட்ட வெள்ளிக்காசுகளில் ஒருபுறம் மன்னன் தலையும் பிராகிருத எழுத்தும், மறுபுறம் ஒரு திராவிட மொழியும் இருக்கின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினனாகிய வாசிட்டிபுத்திர புலுமாவியின் காசில் ஒருபுறம் 'ரஞோ வாசிட்டிபுதச சிரி புலுமாவிச' என்றும், மறுபுறம் 'அரஹணகு வாஹித்தி மாகணகு திரு புலுமாவிகு' என்றும் படிக்கப்பெற்றுள்ளன. மறுபுறத்தைச் சற்று உற்று நோக்குக. 'மாகணகு' என்பது நம் 'மகனுக்கு'. 'சிரி' என்பதற்கு எதிராகத் 'திரு' நிற்கிறது. நான்காம் வேற்றுமை 'கு' உருபு மூன்று இடங்களில் வருகிறது. இதனைத் தமிழ் என்றே இரா. நாகசாமி முதலியோர் கொண்டனர். பழைய தெலுங்கின் சாயல் என்பாரும் உளர். எதுவாயினும், மகாராட்டிரத்தை ஆண்ட அரசன் தன் காசைக் கையாளுவோர் இருமொழியினர் என்று அறிந்திருந்தான் என்பதில் ஐயமில்லை.

அதே சாதவாகன மரபில் வந்த ஆலனின் பெயரால் வழங்குவது மகாராட்டிரிப் பிராகிருதத்தில் அமைந்த காதா சப்தசதி. எழுநூறு தனிப்பாடல்கள், பெரும்பாலும் காதல் பொருளன, பேசுவோர் தலைவியும் தோழியும் செவிலியும் போன்றோர். பெயர் சுட்டாமல் அகப்பொருள் பாடும் இம்முறை சங்க அகப்பாடல்களோடு பெரிதும் ஒத்திருப்பதை அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975-ல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுந்தது என்று அவர் கூறவில்லை. தக்காணத்தில் வழங்கிய பொதுவான நாட்டுப்பாடல் மரபு ஒன்றிலிருந்து இரண்டும் கிளைத்திருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. 2004-ல் தமிழும் 2024-ல் மராத்தியும் நடுவணரசால் செம்மொழிகளாக ஏற்கப்பட்டன. மராத்திக்காக வாதாடியோர் தம் மொழியின் தொன்மைக்குக் காட்டிய சான்றுகளுள் இந்தச் சப்தசதி தலையானது. அந்நூலை அவர்கள் எடுத்து நீட்டும்போது நம் குறுந்தொகையின் முகச்சாயலும் அதில் தெரிகிறது.

கல்லில் உள்ள சான்று இன்னும் சுவையானது. கருநாடகத்துச் சிரவணபெளகொளாவில் கோமதீசுவரர் பேருருவத்தைக் கங்கர் அமைச்சர் சாவுண்டராயர் ஏறத்தாழ கி.பி. 981-983-ல் எழுப்பினார். அவ்வுருவத்தின் அடியில் ஒரே செய்தி மூன்று மொழிகளில் வெட்டப்பட்டுள்ளது. கன்னடம் ஒன்று. கிரந்த, வட்டெழுத்துகளில் உள்ள தமிழ், 'ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்' என்கிறது. நாகரி எழுத்தில் உள்ள மராத்தி, 'ஸ்ரீ சாவுண்டராஜேம் கரவியலேம்' என்கிறது. மராத்தி வரி பின்னர் சேர்க்கப்பட்டது என்று கருதுவாரும் உண்டு. மராத்தியில் கிடைத்த மிகப் பழைய வரிகளுள் ஒன்று என்பதில் மாறுபாடு இல்லை. தமிழும் மராத்தியும் ஒரே காலடியில், ஒரே பொருளைச் சொல்லி நிற்கும் இவ்விரு வரிகளை வைத்து ஒப்பிலக்கணப் பாடம் முழுவதையுமே நடத்திவிடலாம்.

முதலில் கண்ணைக் கவர்வது 'செய்-வி', 'கர-வி' என்னும் பிறவினை. இரண்டிலும் 'வி'. மேடைப் பேச்சாளருக்கு இதுவே போதும். ஆனால் மராத்தியின் 'வி' வடமொழிப் பிறவினை பிராகிருதத்தில் 'ஆவே' என்று தேய்ந்ததிலிருந்து வந்தது. வழிவழியாக அதற்குச் சான்று உண்டு. தமிழின் 'வி, பி' நம் குடும்பத்துச் சொத்து. நெற்றியில் ஒரே இடத்தில் மச்சம் இருப்பதால் இருவர் உடன்பிறந்தார் ஆகிவிடுவதில்லை. அடுத்து வினைமுற்றைப் பார்க்க. தமிழில் 'செய்வித்தான்': வினை எழுவாயைப் பின்பற்றி ஆண்பால் ஈறு பெறுகிறது. மராத்தியிலோ 'சாவுண்டராஜேம்' என்பது மூன்றாம் வேற்றுமை. 'சாவுண்டராயனால்' என்பது போன்றது. 'கரவியலேம்' செய்யப்பட்ட பொருளைப் பின்பற்றி ஒன்றன்பால் ஈறு பெறுகிறது. ஆயிரம் ஆண்டு கழிந்தும் இந்த வேறுபாடு மாறவில்லை. இன்று தாபோடிச் சந்தையில், 'த்யானே போளீ கால்லீ' என்று மராத்தியர் சொல்வர். தின்றவன் ஆண், வினையோ பெண்பால், ஏனெனில் போளி பெண்பாற் சொல். நம்மவர் முதலாண்டில் 'தோ போளீ கால்லா' என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளாவது இதனாலேதான். பிழை நாவில் இல்லை. 'அவன் தின்றான்' என்னும் தமிழ்த் தொடர் உள்ளிருந்து ஆட்சி செய்கிறது. (இவ்வூரில் போளி என்றால் சப்பாத்தி என்பதும், நம் நாட்டில் அது இனிப்பு என்பதும் வேறு கதை.)

வினையின் எலும்பு வேறு வேறாயிருக்க, சொற்றொடரின் நடை மட்டும் வியப்பூட்டும் வகையில் ஒன்றாயிருக்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம்; 'மலா பூக் லாக்லீ' என்கின்றனர். இரண்டிலும் பசி உடையவன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். 'நான் படித்த புத்தகம்' என்று நாம் பெயரெச்சம் வைத்துச் சொல்வதை 'மீ வாசலேலே புஸ்தக்' என்று அவர்களும் அப்படியே சொல்கின்றனர். 'செய்து போட்டான்' என்பதில் 'போடு' துணைவினையாய் நிற்பதுபோல் 'கரூன் டாக்லே' என்பதில் 'டாக்' நிற்கிறது. அதற்கும் எறிதல், போடுதல் என்பதே பொருள். 'இரண்டு பேர்' என்பதற்குத் 'தோகே ஜண்'. 'வேண்டும்', 'வேண்டாம்' என்று நாம் இரு சொற்களால் முடித்துவிடுவதை அவர்கள் 'பாஹிஜே', 'நகோ' என்று முடிக்கின்றனர். அந்த 'நகோ'வின் வலிமையைக் காய்கறிக்காரரிடம் கண்டிருக்கிறோம். தக்காண உருதுவும் அதனை 'நக்கோ' என்று கடன் வாங்கிக்கொண்டது.

இவற்றுள் மிக அழகியது 'ம்ஹணூன்' என்னும் சொல். 'ம்ஹண்' என்றால் 'சொல்' அல்லது 'என்'. 'ம்ஹணூன்' என்றால் 'என்று'. 'வருகிறேன் என்று சொன்னான்' என்னும் இடத்திலும் அது வரும். 'மழை வருமென்று குடை எடுத்தேன்' என்பதுபோல் காரணம் காட்டும் இடத்திலும் அது வரும். 'என்' என்னும் வினையிலிருந்து நாம் 'என்று' என்பதை உண்டாக்கிக்கொண்டு, பிறர் கூற்றையும் நம் எண்ணத்தையும் காரணத்தையும் அந்த ஒரு சொல்லாலேயே கட்டுகிறோம் அல்லவா? சொல் வேறு, வேர் வேறு, குடும்பம் வேறு. கட்டும் முறை மட்டும் ஒன்று.

இவ்வொற்றுமைகளுக்கு உரிய விளக்கத்தை 1956-ல் எமனோ அளித்தார். நீலகிரித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தவரும், பர்ரோவோடு சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதியை 1961-ல் வெளியிட்டவருமாகிய அவர், இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் காண வேண்டும் என்று எழுதினார். குடும்பத்தால் வேறுபட்ட மொழிகளும் நெடுநாள் அயல்வாழ்வால் ஒரு சாயல் பெறும் என்பது இதன் கருத்து. அக்காலத்தில் ஏரவாடாவில் உள்ள தக்காணக் கல்லூரி மொழியியலுக்கு நாட்டின் தலைமை இடமாக விளங்கியது. அதன் இயக்குநர் எஸ். எம். காத்ரே கொங்கணியின் உருவாக்கத்தை ஆராய்ந்தவர். 1950-களில் அங்கு நடந்த கோடைப் பள்ளிகளில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இளம் ஆசிரியர்கள் வந்து பயின்றனர்.

அயல்வாழ்வு எப்படி மொழியை மாற்றும் என்பதைக் கண்ணெதிரே காட்டியது சாங்கலி மாவட்டத்துக் குப்வாட் என்னும் சிற்றூர். கம்பர்ஸ், வில்சன் என்னும் இரு அறிஞர்கள் அவ்வூரை ஆராய்ந்து 1971-ல் எழுதினர். சமணரும் இலிங்காயதரும் கன்னடமும், இசுலாமியர் உருதுவும், வேறு சிலர் மராத்தியும், கயிறு திரிப்போர் தெலுங்கும் பேசும் ஊர் அது. வீட்டில் அவரவர் மொழியை எவரும் விட்டுவிடவில்லை. ஆனால் பல நூற்றாண்டு ஒன்றாக வாழ்ந்ததில் கன்னடமும் உருதுவும் மராத்தியும், சொல்லுக்குச் சொல் வைத்து மாற்றிவிடக்கூடிய அளவு ஒரே வாக்கிய அமைப்பை அடைந்துவிட்டன. சொற்கள் தனித்தனி, இலக்கணம் ஒன்று. மொழி மாறிவிட்டதே என்று அவ்வூரில் எவரும் அழுததாக ஆய்வாளர் எழுதவில்லை! அதே ஆண்டு அதே தொகுப்பில் சௌத்வொர்த் என்னும் அறிஞர் மராத்தியின் பிறப்பிலேயே இவ்வாறான கலப்பு நிகழ்ந்திருக்கக்கூடும் என்று வாதிட்டார். போரிவலி, காந்திவலி, டோம்பிவலி போன்ற ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நம் 'பள்ளி' ஒளிந்திருக்கிறது என்று கருதுபவரும் அவரே. அம்மின்வண்டி நிலையங்களைக் கடக்கும் தமிழர் எத்தனை ஆயிரவர்!

இம்முயற்சிகளையெல்லாம் கடந்து ஒரு படி மேலே சென்றவர் பொறியாளரான மராத்தி ஆய்வாளர் விசுவநாத் கைரே. 1977-ல் 'திராவிட மகாராட்டிரம்' என்னும் நூலையும், பின்னர் மராத்தி மொழியின் மூலம் பற்றிய நூலையும் மராத்தியிலேயே எழுதினார். மராத்தியின் எண்ணற்ற சொற்களுக்குத் தமிழில் வேர் காட்டினார். மராத்தியர் ஒருவர் தம் மக்களிடம் தம் மொழியிலேயே இதனைச் சொல்லத் துணிந்தமை போற்றத்தக்கது. தமிழர் பலர் மராத்தியைக் கற்கவே துணியாத காலம் அது. ஆயினும் அவர் காட்டும் வேர்களுள் பல, ஓசை ஒற்றுமையை மட்டுமே பற்றி நிற்பவை. மொழிநூலார் அவற்றை ஏற்கவில்லை. 'கர-வி', 'செய்-வி' தந்த எச்சரிக்கையை நாம் மறக்கலாகாது. அக்கா, அண்ணா, அப்பா போன்ற முறைப்பெயர்களும், நெய்க்கு வழங்கும் 'தூப்' என்பதும், பாக்குவெட்டிக்கு வழங்கும் 'அடகித்தா' என்பதும் கன்னட வழியாக மராத்திக்குச் சென்றவை எனக் கொள்ளத் தடையில்லை. அடைக்காய் என்று பாக்குக்கு நம் பழந்தமிழில் பெயர் உண்டு என்பதை நினைக்க. உறுதியான சொற்கள் இவ்வாறு இருக்க, ஐயமுடையவற்றைத் தூக்கிச் சுமக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கொடுத்த கணக்கை மட்டும் எழுதி வாங்கிய கணக்கை மறைத்தல் நேர்மையன்று. வெங்கோசி 1676-ஆம் ஆண்டளவில் தஞ்சையைக் கைப்பற்றியது முதல் 1855 வரை மராத்தியர் ஆட்சி சோழநாட்டில் நிலைத்தது. பெரிய கோயிற் சுவரில் போன்சலே மரபின் வரலாறு 1803-ல் மராத்தியில் வெட்டப்பட்டது. அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் எழுதப்பட்டுச் சரசுவதி மகாலில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. முதலாம் சகசி மன்னர் பெயரால் வழங்கும் ஐம்மொழி நாடகத்தில் தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, வடமொழி ஆகிய ஐந்தும் ஒரே மேடையில் பேசுகின்றன. கும்பகோணத்தில் டபீர் தெரு இன்றும் இருக்கிறது. நூல்களின் முன்னே நாம் போடும் 'அட்டவணை'யை, நினைவு என்னும் பொருள்படும் மராத்தி 'ஆட்வண்' என்பதோடு இணைத்துக் காட்டுவர். சாம்பாருக்கு மட்டும் சம்பாசி பெயரால் வழங்கும் கதைக்கு நல்ல சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. சுவைக்குச் சான்று வேண்டுவதில்லை என்பதால் அதனை அப்படியே விட்டுவிடுகிறோம். இவ்விடத்தில் எண்ண வேண்டியது ஒன்று. தஞ்சைக்குச் சென்ற மராத்தியர் குடும்பங்கள் பல, முந்நூறு ஆண்டு கழிந்தும் வீட்டில் தம் மொழியைப் பேசி வருகின்றன. அது புணே மராத்தி அன்று. தமிழ் நடை கலந்த தஞ்சாவூர் மராத்தி. ஆயினும் அது மராத்தியே. கடகிப் படைக்கலத் தொழிற்சாலை 1869-லும், இராணுவப் பொறியியற் கல்லூரி 1948-லும் இப்பகுதிக்கு வந்தபின் வேலை தேடி வந்து குடியேறிய நம்மவரின் தமிழுக்கு அவர்கள் மொழி ஒரு கண்ணாடி.

எல்லாக் காலமும் இனிய காலமாக இருந்ததில்லை. 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் வெப்பம் இங்கும் உணரப்பட்டது. வெளியில் தமிழ் பேசாதே என்று பிள்ளைகளை அடக்கிய பெற்றோரும், அச்சினத்தால் மராத்தி பேசாதே என்று அடக்கிய பெற்றோரும் நம்மிடையே உண்டு. மொழி ஒப்புமை என்பது வெறும் நூலாராய்ச்சி அன்று என்பதை அவ்வீடுகளில் வளர்ந்தோர் அறிவர்.

இறுதியாக, இக்கட்டுரைக்குத் தலைப்பாக வைத்த சொற்களுக்கு வருகிறோம். கேட்பவரையும் உளப்படுத்தும்போது 'நாம்' என்கிறோம். விலக்கும்போது 'நாங்கள்' என்கிறோம். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. பொது இந்தியில் 'ஹம்' ஒன்றே. இன்றைய கன்னடமும் இதனை இழந்துவிட்டது. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்று உண்டு. வியப்பு என்னவெனில், வடமொழி வழிவந்த மராத்தியில் இது செம்மையாக இருப்பதே: 'ஆபண்' என்றால் நாம், 'ஆம்ஹீ' என்றால் நாங்கள். குசராத்தியிலும் அவ்வாறே. வடமொழியில் இதற்கு முன்மாதிரி இல்லை. ஆகவே இது மகாராட்டிரத்தில் முன்னர் வாழ்ந்த திராவிட மொழியினரின் பழக்கம் ஆரிய மொழிக்குள் தங்கிவிட்டதன் சுவடு என்று அறிஞர் பலர் கருதுவர். முண்டா மொழிகளிலும் இவ்வேறுபாடு இருத்தலின் வழக்கு முற்றும் முடியவில்லை. இன்னொன்றும் காண்க. 'ஆபண்' என்பது 'ஆத்மன்' என்பதன் வழியில் வந்து, முதலில் 'தான்' என்று பொருள்பட்ட சொல். அதுவே மரியாதைக்குரிய முன்னிலையாகவும் வழங்குகிறது. நம் 'தாங்கள்' என்பதும் 'தாம்' என்பதிலிருந்து பிறந்து மரியாதை முன்னிலை ஆயிற்று அல்லவா?

தாபோடியில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது நாங்கள் நெடுநாள் திணறியது இவ்விடத்தில்தான். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள், 'அம்மா, நாங்கள் கடைக்குப் போகலாமா?' என்று தாயையும் சேர்த்தே கேட்பார்கள். தாயை விலக்கிவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. இலக்கண விதியைப் பலமுறை சொல்லிப் பார்த்தோம், ஏறவில்லை. ஒருநாள் ஒரு சிறுமியிடம், 'இதையே உன் மராத்தித் தோழியிடம் எப்படிச் சொல்வாய்?' என்று கேட்டோம். 'ஆபண் ஜாவூ யா' என்றாள் தயங்காமல். 'ஆம்ஹீ என்று சொல்ல மாட்டாயோ?' என்றதற்கு, 'அப்படிச் சொன்னால் அவள் வரக்கூடாது என்று ஆகிவிடுமே!' என்று சிரித்தாள். சிரித்த வாயை மூடாமல் சற்று நின்றாள். பிறகு கரும்பலகை அருகே வந்து, 'ஆபண்' என்பதற்கு நேரே 'நாம்' என்றும், 'ஆம்ஹீ' என்பதற்கு நேரே 'நாங்கள்' என்றும் தானே எழுதினாள். அந்த ஞாயிறு முதல் எங்கள் வகுப்பில் அப்பாடம் அப்படியே நடந்து வருகிறது.